எண்ணெய் வேண்டாத கடிகாரம்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் தொடக்கநிலைப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து மரப் பொறிகள் கட்டுகிறேன். லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஒரு பெட்டியில் வரும். பசை கிடையாது, ஆணி கிடையாது. துண்டுகளைப் பலகையிலிருந்து பிய்த்தெடுத்து, ஓரங்களை மணல்தாளால் தேய்த்து, பல்சக்கரங்களின் பற்களில் மெழுகுவத்தியைத் தடவி, ஒன்றோடு ஒன்றைச் செருக வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் ரப்பர் வளையத்தின் முறுக்கில் வண்டி ஓடும், ஊசல் ஆடும்.

மெழுகு தடவும் கட்டம் வரும்போது யாராவது ஒரு பிள்ளை தவறாமல் கேட்பது, ஏன் எண்ணெய் விடக்கூடாது என்பதுதான். எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும், உப்பும், மேலே தூசி ஒட்டிப் பற்கள் இறுகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் எண்ணெய் இல்லாமலே மரம் உப்புகிறது. மழைக்காலத்தில் சில சக்கரங்கள் நகர மறுக்கும். 300 ஆண்டுகளுக்கு முன் இதே சிக்கலோடு ஒரு தச்சர் மல்லுக்கட்டினார். அங்கே தொடங்கியவர், கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டார். பிள்ளைகளுக்கு மேசையில் கிடக்கும் துண்டுகளைக் காட்டியே அவர் கதையைச் சொல்வேன். உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

ஜான் ஹாரிசன் 1693ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஃபவுல்பி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். ஜான் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் லிங்கன்ஷயரில், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே உள்ள பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில் அம்மை கண்டு படுத்திருந்தபோது தலையணையில் ஒரு கடிகாரத்தை வைத்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். தந்தையிடம் தச்சு கற்றார், தேவாலயத்தில் மணி அடித்தார், பாடல் குழுவை நடத்தினார். கடிகாரத் தொழிலை யாரிடமும் சேர்ந்து பயிலவில்லை.

ஊருக்கு வந்த ஒரு பாதிரியார் அவருக்கு ஒரு கையெழுத்துப் பிரதியை இரவல் கொடுத்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்த நிக்கலஸ் சாண்டர்சன் என்பவரின் இயற்பியல் விரிவுரைகள் அவை. சாண்டர்சன் குழந்தைப் பருவத்திலேயே அம்மையால் பார்வை இழந்தவர். அந்தப் பிரதி முழுவதையும், படங்கள் உட்பட, ஹாரிசன் தம் கையால் எழுதி எடுத்துக்கொண்டார். பிறகு பல ஆண்டுகள் அதன் ஓரங்களில் தம் குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நகல் எடுக்க இன்று நமக்கு ஒரு விநாடி போதும். ஆனால் அந்த மனிதருக்குப் பள்ளி, கல்லூரி எல்லாம் அந்த ஒரே பிரதிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

20 வயதைத் தொடும்போது, 1713இல், ஆளுயரக் கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். உள்ளே இருந்த இயந்திரம் ஏறக்குறைய முழுவதும் மரம். தச்சர் மகனுக்குப் பித்தளை விலை அதிகம். மரம் கையருகே இருந்தது. 1715இலும் 1717இலும் இன்னும் இரண்டு செய்தார். மூன்றின் இயந்திரங்களும் இன்றுவரை அழியாமல் இருக்கின்றன.

மரத்தில் பல்சக்கரம் செய்வதில் உள்ள பெரிய ஆபத்து என்னவென்று எங்கள் மேசையில் அமரும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்: பல் உடையும். ஒரு பலகையை வட்டமாக வெட்டிச் சுற்றிலும் பற்கள் செதுக்கினால், சில பற்களில் மரத்தின் இழை பல்லின் நீளவாக்கில் ஓடும். அவை உறுதியாக நிற்கும். வேறு சில பற்களில் இழை குறுக்கே ஓடும். அவை லேசாக அழுத்தினாலே முறியும். இன்றைய பெட்டிகளில் ஒட்டுப்பலகை பயன்படுவது இதனால்தான். மெல்லிய ஏடுகளை இழை மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் எந்தத் திசையிலும் பல் ஓரளவு தாங்கும்.

ஹாரிசனிடம் ஒட்டுப்பலகை இல்லை. அவர் ஓக் மரத்தில் சக்கரத்தின் உடலைத் தனியாகச் செய்தார். பற்களைச் சிறுசிறு தொகுதிகளாக வேறு துண்டுகளில் செதுக்கினார். ஒவ்வொரு துண்டிலும் இழை சக்கரத்தின் மையத்திலிருந்து வெளியே ஓடுமாறு பார்த்து, விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் அவற்றைப் பதித்தார். எந்தப் பல்லிலும் இழை குறுக்கே வராது. கடிகாரக்காரர் ஒருவருக்கு இந்த யோசனை எளிதில் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. மரத்தோடு வளர்ந்தவருக்குத்தான் வரும்.

அடுத்தது எண்ணெய். அந்தக் காலத்துக் கடிகார எண்ணெய் விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் வந்தது. குளிரில் கெட்டியாகும், நாளடைவில் பிசினாகும். கடிகாரங்கள் நேரம் தவறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சர் சார்ல்ஸ் பெல்ஹம் என்ற நிலக்கிழார் 1720களின் தொடக்கத்தில் புரோக்கல்ஸ்பி பார்க் என்ற தம் பண்ணையின் குதிரை லாயக் கோபுரத்துக்கு ஒரு கடிகாரம் கேட்டார். அதில் ஹாரிசன் எண்ணெயையே ஒழித்தார். உராயும் இடங்களில் லிக்னம் வைட்டே என்ற மரத்தை வைத்தார். கரீபியப் பகுதியிலும் வெப்பமண்டல அமெரிக்காவிலும் வளரும் இம்மரம் நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. தன்னுள்ளேயே மெழுகு போன்ற ஒரு பிசினைக் கொண்டது. உராய உராய அதுவே வழுவழுப்பைக் கொடுக்கும். பிற்காலத்தில் கப்பல்களின் சுழலித் தண்டுகளுக்குக்கூட இந்த மரத்தில் பேரிங் செய்தார்கள். பிள்ளைகள் மெழுகு தடவுவதும் இதே வேலைதான். ஹாரிசன் மெழுகைத் தானே வைத்திருக்கும் மரத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கோபுரக் கடிகாரம் 300 ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது.

1720களின் நடுவில் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து இன்னும் நுட்பமான கடிகாரங்களைச் செய்தார். ஊசலின் சிக்கல் வெப்பம். கோடையில் உலோகத் தண்டு நீண்டு ஊசல் மெதுவாகும். எஃகுத் தண்டு 10 பாகை சூடேறினாலே கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். பித்தளை எஃகைவிட அதிகமாக விரியும் என்பதை வைத்து, இரண்டிலும் மாறி மாறி ஒன்பது கம்பிகளை அடுக்கி ஓர் ஊசல் செய்தார். எஃகு கீழே இறக்கும் அளவைப் பித்தளை மேலே ஏற்றிவிடும். ஊசலின் நீளம் மாறாது. பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் உறுப்பையும் புதிதாக அமைத்தார். வெட்டுக்கிளியின் கால்போல் மடங்கித் துள்ளும் என்பதால் அதற்கு அந்தப் பூச்சியின் பெயரே அமைந்தது. அதில் சறுக்கும் உராய்வு இல்லை. ஆகவே எண்ணெயும் வேண்டாம்.

இவ்வளவு துல்லியமான கடிகாரத்தை எதனோடு ஒப்பிட்டுச் சோதிப்பது? கிராமத்தில் அதைவிட நல்ல கடிகாரம் ஏது? அவர் வானத்தைப் பார்த்தார். தம் சன்னல் ஓரத்தையும் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் வைத்து, குறிப்பிட்ட நட்சத்திரம் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் கணத்தை இரவுதோறும் குறித்தார். நட்சத்திரம் ஒவ்வோர் இரவும் முந்திய இரவைவிட 3 நிமிடம் 56 விநாடி முன்னதாக மறைய வேண்டும். அவருடைய கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் பிசகவில்லை என்பது அவர் கண்ட கணக்கு. அக்காலத்தின் நல்ல கடிகாரங்களே நாளொன்றுக்குப் பல விநாடிகள் பிசகின.

இனிக் கடலுக்கு வருவோம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பல் நிற்கும் இடத்தில் நண்பகல் எப்போது என்பதைச் சூரியன் சொல்லும். அந்த நேரத்தில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை. சிங்கப்பூர் ஏறத்தாழ 103 பாகை 50 கலை கிழக்கில் இருக்கிறது. நம் சூரிய நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிடம் முந்தியது. 1982 முதல் நம் கைக்கடிகாரம் 8 மணி நேரம் முந்தி ஓடுவதால்தான் நமக்கு உச்சி வெயில் பிற்பகல் ஒரு மணியளவில் வருகிறது. மலேசியத் தீபகற்பத்திலும் இதே நிலைதான்.

தத்துவம் எளிது. ஆனால் ஆடும் கப்பலில், உப்புக் காற்றில், குளிரிலும் வெப்பத்திலும் துறைமுக நேரத்தைச் சுமந்து செல்லும் கடிகாரம் உலகில் இல்லை. ஊசல் கப்பலில் ஒழுங்காக ஆடாது. 1707ஆம் ஆண்டு அக்டோபரில் அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷோவலின் படையில் நான்கு கப்பல்கள் தம் இடத்தைத் தவறாகக் கணித்து, சிலித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் பயணத்தில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டுபிடிக்கும் வழிக்கு 20,000 பவுண்ட் பரிசு. அரைப் பாகை என்பது 2 நிமிடம். நிலநடுக்கோட்டில் அது 55 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கிவரை போனாலும் அந்தத் தூரம் நிரம்பாது. ஆறு வாரப் பயணத்தில் 2 நிமிடம் என்றால், கடிகாரம் நாளொன்றுக்கு 3 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது.

1730இல் ஹாரிசன் லண்டன் சென்றார். வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி அப்போது அரச வானியலாளர். அவர் ஹாரிசனை ஜார்ஜ் கிரஹாம் என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞரிடம் அனுப்பினார். காலையில் தொடங்கிய அவர்கள் பேச்சு இரவு உணவுவரை நீண்டது. கிரஹாம் வட்டியில்லாமல் பணம் கடன் கொடுத்தார். ஹாரிசனை முதலில் கைதூக்கிவிட்டவர் அவருடைய தொழிலிலேயே போட்டியாளராக இருந்திருக்கக்கூடியவர் என்பது எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

ஐந்து ஆண்டு உழைப்பில் முதல் கடல் கடிகாரம் 1735இல் முடிந்தது. இன்று அதை எச்1 என்கிறார்கள். எடை 34 கிலோ. ஊசலுக்குப் பதிலாக இரண்டு கனமான தண்டுகள் எதிரெதிராக ஆடும். கப்பல் சாய்ந்தால் ஒன்றின் பிசகை மற்றது ஈடுசெய்யும். சட்டகம் பித்தளை, ஆனால் உள்ளே பெரிய சக்கரங்கள் பழைய ஓக் சக்கரங்களே. 1736இல் அதோடு லிஸ்பனுக்குப் பயணமானார். கடல் அவரைப் படுத்திவிட்டது. திரும்பும் வழியில் கரை கண்டபோது, கப்பல்காரர்கள் ஸ்டார்ட் முனை என்று நினைத்தது உண்மையில் லிசர்ட் முனை என்றார் ஹாரிசன். அவர் சொன்னதே சரி. கப்பலின் கணக்கு ஏறத்தாழ 60 மைல் பிசகியிருந்தது.

அப்போதே பரிசுக்கான பயணத்தைக் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது இன்னும் நல்லதொன்றைச் செய்யப் பணம். எச்2 1739இல் முடிந்தது. அதன் ஆடுதண்டுகளில் ஒரு குறையைத் தாமே கண்டுபிடித்து, கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கினார். எச்3க்கு 19 ஆண்டுகள் செலவிட்டார். 753 உறுப்புகள். அதுவும் அவர் வேண்டிய துல்லியத்தைத் தரவில்லை. 47 வயதில் தொடங்கி 66 வயதில் முடித்த வேலை அது.

அந்த 19 ஆண்டும் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எச்3க்காக அவர் பித்தளையையும் எஃகையும் ஒன்றாக இணைத்து, சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டையை உருவாக்கினார். அரிசி வேகும் குக்கரிலிருந்து மின் இஸ்திரிப் பெட்டிவரை வெப்பத்தைக் கட்டுப்படுத்த அந்தப் பட்டை பயன்பட்டிருக்கிறது. உருளைகளைக் கூண்டில் அடைத்த பேரிங் ஒன்றையும் அதே கடிகாரத்தில் அமைத்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பேரிங் பாடத்தை நடத்தியபோது யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பின்னர் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

திருப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1753இல் தம் சொந்த உபயோகத்துக்காக, தாம் சொன்ன முறையில் ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை ஜான் ஜெஃபரிஸ் என்ற கலைஞரிடம் செய்து வாங்கினார். அது எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. கனமான உறுப்பு மெதுவாக ஆடினால் கப்பலின் ஆட்டம் அதைக் குழப்பும். சிறிய சக்கரம் வேகமாகவும் வீச்சாகவும் ஆடினால் கப்பலின் மெதுவான ஆட்டம் அதை அசைக்காது. 20 ஆண்டுகளாகச் செய்துவந்த பாதையை அந்த வயதில் விட்டுவிட்டு, 1759இல் எச்4ஐ முடித்தார். 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடை. பெரிய கைக்கடிகாரம் போலத் தோன்றும். விநாடிக்கு ஐந்து முறை டிக் என்னும்.

1761 நவம்பரில் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே போய்ச் சேர்ந்தபோது கணக்கில் எடுத்த 81 நாளுக்குக் கடிகாரம் பின்தங்கியது 5 விநாடி. பரிசை முடிவுசெய்யும் தீர்க்கரேகை வாரியம் ஒப்பவில்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றது. 1764இல் பார்படோஸுக்கு மறுபடி சோதனை. 47 நாளில் 39 விநாடிப் பிசகு. சட்டம் கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம். அப்போதும் முழுப் பரிசு வரவில்லை. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி விளக்கினால் பாதி, மற்றவர்களும் அதைச் செய்யமுடியும் என்று நிரூபித்தால் மீதி என்றார்கள். 1765இல் ஆறு பேர் முன்னிலையில் எச்4ஐப் பிரித்துக் காட்டினார், 10,000 பவுண்ட் வந்தது. மறு ஆண்டு, புதிய அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலின் ஹாரிசன் வீட்டுக்கு வந்து மற்ற மூன்று கடிகாரங்களையும் எடுத்துச் சென்றார். வேலையாட்கள் எச்1ஐக் கீழே போட்டார்கள்.

ஹாரிசனைப் பற்றிய பல புத்தகங்களில் மாஸ்கெலின் வில்லனாக வருகிறார். அவர் நிலவின் இடத்தை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகை காணும் முறையின் ஆதரவாளர். ஆகவே நடுநிலையாளர் அல்லர். ஆனால் அவர் தொகுத்த கடல் பஞ்சாங்கம் மணிக்கணக்கான கணக்கை அரை மணி நேரமாகச் சுருக்கியது, மலிவாகவும் இருந்தது. எச்4ஐப் பார்த்து லார்கம் கெண்டால் செய்த நகலுக்கோ 450 பவுண்ட் கூலி, இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை. எல்லாக் கப்பலுக்கும் அப்படி ஒன்று வாங்க எந்தக் கடற்படையாலும் முடியாது. ஒரே ஒருவர் மட்டும் செய்யத் தெரிந்த கருவி நாட்டுக்குப் போதாது என்று வாரியம் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயமில்லாதது, போட்டி நடக்கும்போதே விதிகளை மாற்றியது. முதியவர் ஒருவரிடம், உன் கடிகாரம் ஓடுகிறது, ஆனால் அதை நாங்கள் நம்பவில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததும் அதில் சேரும். சான்றிதழுள்ள ஓர் அறிஞரிடமும் அப்படி நடந்திருப்பார்களா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

ஹாரிசனும் தம் வழக்குக்கு உதவியவர் அல்லர். அவர் எழுத்து பின்னிப் பின்னி ஓடும். ஒரு வாக்கியம் பக்கக்கணக்கில் நீளும். கையால் எதையும் விளக்கியவருக்குப் பேனா ஒத்துழைக்கவில்லை.

கெண்டாலின் நகலை 1772இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தம் இரண்டாவது பயணத்தில் எடுத்துச் சென்றார். மூன்று ஆண்டுகள், வெப்பமண்டலத்திலிருந்து அண்டார்க்டிக் பனிக்கடல்வரை அது நேரம் தவறாமல் ஓடியது. தொடக்கத்தில் ஐயத்தோடு இருந்த குக் அதன் ஆதரவாளராகவே திரும்பினார். ஹாரிசன் தம் கடைசிக் கடிகாரமான எச்5ஐ வில்லியம் மூலம் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் கொண்டு சேர்த்தார். மன்னர் தம் சொந்த வானாய்வகத்தில் பத்து வாரம் வைத்துச் சோதித்துத் திருப்தி அடைந்தார். 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்ட் வழங்கியது. அப்போது அவருக்கு 80 வயது. அந்தத் தொகை நாடாளுமன்றத்தின் நன்கொடை. தீர்க்கரேகைப் பரிசு என்ற பெயரில் வாரியம் அவருக்கு முழுமையாக எதையும் அறிவிக்கவே இல்லை. 1776 மார்ச் 24ஆம் தேதி லண்டனில் காலமானார்.

அவருடைய கடல் கடிகாரங்கள் பிறகு கவனிப்பாரின்றித் துருவும் அழுக்கும் படிந்து கிடந்தன. 1920களில் ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அதிகாரி அவற்றைக் கையிலெடுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து மீண்டும் ஓடவைத்தார். இன்று அவை கிரீனிச் வானாய்வகத்தில் உள்ளன. எச்1, எச்2, எச்3 மூன்றுக்கும் முறுக்கு ஏற்றி ஓடவிடுகிறார்கள். உராயும் இடங்களில் எண்ணெய் வேண்டாத அமைப்பு என்பதால் அவை தேய்வதில்லை. பரிசை வென்ற எச்4 மட்டும் ஓடாமல் நிற்கிறது. அவ்வளவு சிறிய கடிகாரத்தில் உருளைகளுக்கும் எண்ணெய்ப் பிசினுள்ள மரத்துக்கும் இடமில்லை; வைரத்தையும் மாணிக்கத்தையும் வைத்து உராய்வைக் குறைத்தும், ஹாரிசன் அதில் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியிருந்தது. ஓடவிட்டால் எண்ணெய் கெடும், சில ஆண்டுக்கொருமுறை பிரித்துத் துடைக்க வேண்டும், பிரிக்கும் ஒவ்வொரு முறையும் உறுப்புகள் கொஞ்சம் தேயும். அதனால் அதற்கு யாரும் முறுக்கு ஏற்றுவதில்லை.